பழைய ரிமோட் பக்கி கார்களைச் சரிசெய்து ஓட்டுவது: கொங்கு நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1980களிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த, 1:10 அளவுள்ள, அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கான, மின்சார பக்கி வண்டிகளைப் பற்றியது இது. ரிமோட்டில் ஓடுபவை, மண்ணில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கத்து நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வண்டிகள் ஓட வேண்டியவை. கண்ணாடி அலமாரியில் வைப்பதற்காக மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

எந்தெந்த வண்டிகளைப் ‘பழைய வண்டி’ என்று சேர்த்துக்கொள்ளலாம்?

கறாரான கோடு கிடையாது. 1979-ல் ஜப்பானின் தமியா நிறுவனம் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்தது. அதுவரை ரிமோட் கார் என்றால் பெரும்பாலும் சமமான தார்த்தரைதான். மண்ணில் ஓட்டும் ஆசை உலகம் முழுக்கப் பரவியது இந்த இரண்டுக்கும் பிறகுதான். 1982-ல் கியோஷோவின் ஸ்கார்ப்பியன், 1983-ல் தமியாவின் ஃப்ராக், 1984-ல் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும், 1985-ல் நான்கு சக்கரமும் இழுக்கும் ஹாட்ஷாட், அதே ஆண்டு கியோஷோ ஆப்டிமா என்று வரிசையாக வந்தன.

பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி என்றால் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் 1984-ல் கொண்டுவந்த ஆர்சி10. பொன்னிறத்தில் அனோடைஸ் செய்த அலுமினிய சேஸிஸ் (அடிச்சட்டம்), நைலான் சஸ்பென்ஷன் கைகள். 1985-ல் கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் 1:10 மண்பாதை உலகப் போட்டியில், பின்சக்கர இழுவைப் பிரிவை கில் லோசி ஜூனியர் இந்த வண்டியில்தான் வென்றார். 1987-ல் இங்கிலாந்தின் ராம்சியில் நடந்த அடுத்த உலகப் போட்டியில் நான்கு சக்கர இழுவைப் பிரிவை வென்றவர் மசாமி ஹிரோசாகா. அவர் ஓட்டியது ஷூமாக்கர் நிறுவனத்தின் கேட் என்ற வண்டி. அந்தக் காலத்து வண்டி எது கையில் கிடைத்தாலும் நம்ம கணக்கில் சேர்த்தி.

ஏனுங்க, வீட்டு அட்டாலியில ஒரு ரிமோட் கார் கிடக்குதுங்க. அது வெறும் பொம்மையா, இந்த ரகமா?

திருப்பிப் போட்டுப் பாருங்கள். முழுக்க திருகாணியில் நிற்கிறதா, ஒவ்வொரு பாகமும் தனியாகக் கழலுமா? ஸ்டீயரிங்கை சர்வோ என்ற தனி மோட்டார் பெட்டி திருப்புகிறதா? பின்னால் 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை மோட்டார் இருக்கிறதா? ஆமாம் என்றால் அது கிட்டாக, அதாவது பிரித்த பாகங்களாக, வாங்கி யாரோ உட்கார்ந்து பூட்டிய வண்டி. மோட்டார் கொஞ்சம் ஒல்லியாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள், கிராஸ்ஹாப்பர் சிறிய 380 மோட்டாரோடுதான் வந்தது. மின்பலகை, மோட்டார், ஸ்டீயரிங் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடங்கியிருந்தால் அது பொம்மை ரகம். நிக்கோ, தையோ போன்ற ஜப்பான் கம்பெனிகளின் அந்தக் காலப் பொம்மைகளும் உறுதியானவைதான், ஆனால் உதிரிபாகம் கிடைக்காது.

நம் பக்கத்தில் இவை கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மில்லுக்கும் ஃபவுண்டரிக்கும் மெஷின் பார்க்க ஜப்பான், சிங்கப்பூர், இங்கிலாந்து என்று போய்வந்தவர்கள் பையனுக்கென்று ஒரு பெட்டி தூக்கி வந்தார்கள். பேட்டரி போனதும் மாற்று பேட்டரி கிடைக்காமல் அட்டாலிக்குப் போன வண்டிகள்தான் பெரும்பாலும். அதாவது அதிகம் ஓடாதவை. அட்டைப் பெட்டியோடும் விளக்கப் புத்தகத்தோடும் இருந்தால் இரண்டையும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

கையில் வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பேட்டரி போட்டு ஓடுகிறதா என்று பார்க்காதீர்கள். அந்த ஆசையை ஒரு நாள் தள்ளிவையுங்கள்.

முதலில் ரிமோட்டின் பேட்டரி அறையைத் திறங்கள். பழைய செல் கசிந்து வெள்ளை, பச்சை நிறத்தில் பூத்திருக்கும். அது காரத்தன்மை உள்ளது. வெள்ளை வினிகரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் நுரைத்து அடங்கும். இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு போதும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள்ளேயே பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால் அதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள், காட்மியம் விஷம்.

அப்புறம் நாலாபுறமும் போட்டோ. ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, எந்தத் துளையில் எந்த நீளத் திருகாணி என்று தெரியும்படி எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் திருகாணிகளையும் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இன்னொன்று, ஜப்பான் வண்டிகளின் கூட்டல்குறித் திருகாணித் தலை நம் கடையில் கிடைக்கும் ஸ்க்ரூடிரைவரின் முனைக்குச் சற்று வேறான வடிவம் கொண்டது. சாதாரண முனையைப் போட்டு அழுத்தினால் தலை மழுங்கிவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் தரநிலை) முனை என்று கேட்டு ஒன்று வாங்குங்கள். யமஹா, சுசுகி வண்டி பார்க்கும் பழைய மெக்கானிக்குகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

பிளாஸ்டிக் தொட்டாலே உடைகிறது. காப்பாற்ற முடியுமா?

எந்தப் பிளாஸ்டிக் என்பதைப் பொறுத்தது. நைலான் பாகங்கள் ஈரத்தை உறிஞ்சி இளகும் குணமுள்ளவை, பல ஆண்டுகள் காய்ந்த இடத்தில் கிடந்தால் மொறமொறத்துப் போகும். கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, அது ஆறும்வரை ஊறவிட்டால் கொஞ்சம் உயிர் திரும்பும். ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பாகங்களுக்கு இது உதவாது, வெந்நீரில் வளைந்தும் போகலாம். ஏபிஎஸ்ஸில் விரிசல் விட்டால் கரைப்பான் பசையால் ஒட்டலாம், பிடிக்கும். நைலானை எதைப் போட்டு ஒட்டினாலும் நிற்காது, மாற்றத்தான் வேண்டும்.

மஞ்சளித்த வெள்ளை ஏபிஎஸ்ஸை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கலாம். சித்திரை வெயிலில் சீக்கிரமே வேலை முடிந்துவிடும், அதனால் அடிக்கடி திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் திட்டுத்திட்டாக வெளுக்கும். கையுறை கட்டாயம்.

மோட்டார் சுற்றவில்லை, அல்லது சுற்றுகிறது ஆனால் இழுவை இல்லை. என்ன பார்க்கலாம்?

இந்த வண்டிகளில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த டிசி மோட்டார். பெரும்பாலும் 540 என்ற அளவு, தண்டின் விட்டம் 3.17 மில்லிமீட்டர். இரண்டு ரகம் உண்டு. டப்பாவை மடித்து மூடியது ஒன்று. அதைத் திறக்க முடியாது, விலையும் குறைவு, போய்விட்டால் புதியது போடுங்கள். இன்னொன்று பந்தய ரகம், பின்மூடி கழலும், கார்பனை வெளியே எடுக்கலாம். இதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

கார்பனை எடுத்துவிட்டு உள்ளே அது உரசும் வளையமான கம்யூட்டேட்டரைப் பாருங்கள். மூன்று துண்டாகச் செம்பு தெரியும். மேலே சீராக லேசான பழுப்பு படிந்திருந்தால் நல்ல நிலை. கருகித் திட்டுப்பட்டு, நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டால் லேத்தில் மிகமிக மெல்லியதாக ஒரு சீவல் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மூன்று பிளவுகளிலும் செம்புத் தூசி தங்கியிருக்கும். அதை ஊசி முனையால் எடுக்காமல் மூடினால் மோட்டார் ஷார்ட் ஆகும்.

கோவையில் மோட்டார் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்துகாட்டிய ஊர் இது. மிக்ஸி ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் ஆர்மேச்சரை, அதாவது மோட்டாரின் சுழலும் பகுதியை, கொடுத்தால் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தே தண்டு வளைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் கேளுங்கள். ஆனால் கார்பன் விஷயத்தில் மட்டும் வேண்டாம். மிக்ஸி கார்பன் 230 வோல்ட்டில் குறைந்த ஆம்பியர் ஓடுவதற்கான கெட்டிக் கார்பன். நம் மோட்டார் 7.2 வோல்ட்டில் ஏகப்பட்ட ஆம்பியர் இழுக்கும், அதற்குச் செம்பு அல்லது வெள்ளி கலந்த கார்பன்தான் வேண்டும். மிக்ஸி கார்பனைத் தேய்த்துப் பொருத்தினால் மோட்டார் சுற்றத்தான் செய்யும். இழுவை இருக்காது, கம்யூட்டேட்டரும் சீக்கிரம் தேயும்.

புதுக் கார்பன் போட்டதும் நேராக வண்டியில் மாட்டி முழு வேகம் கொடுக்க வேண்டாம். இரண்டு மூன்று வோல்ட்டில் சும்மா சில நிமிடங்கள் சுற்றவிடுங்கள். கார்பனின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிந்து உட்காரும். மோட்டாரில் 104 என்று எழுதிய மூன்று சிறிய செராமிக் கெபாசிட்டர்களும் இருக்க வேண்டும். ஒன்று இரண்டு முனைகளுக்கும் நடுவே, மற்ற இரண்டு ஒவ்வொரு முனையிலிருந்தும் டப்பாவுக்கு. கார்பன் பொறியால் வரும் இரைச்சல் ரிமோட் சிக்னலைக் கெடுக்காமல் தடுப்பவை இவைதான். வண்டி தானாக உதறுகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பழைய வேகக் கட்டுப்பாட்டை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

பழைய வண்டிகளில் ஒரு சர்வோ செம்புத் தகடுகளின் மேல் ஒரு கையை நகர்த்தும். மெதுவான வேகத்தில் மிச்ச மின்சாரம் ஒரு வெள்ளை ரெசிஸ்டரில் சூடாக வீணாகும். அந்தச் சூடு கையைச் சுடும் அளவுக்கு இருக்கும். ஓட்டப்போகும் வண்டி என்றால் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறுங்கள், பிரஷ் மோட்டாருக்கானது என்று பார்த்து வாங்குங்கள். பழையதைக் கழற்றித் தகட்டை நைஸ் எமரியால் தேய்த்து, வண்டியோடு சேர்த்து ஒரு டப்பாவில் வையுங்கள். பின்னாளில் யாராவது அப்படியே பழையபடி பார்க்க ஆசைப்படலாம்.

கிடைக்காத பாகத்தை லேத்தில் செய்துகொள்ள முடியுமா?

நம் ஊரின் பெரிய பலமே இதுதான். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் லேத் சத்தம் கேட்கும். பம்புக்குப் புஷ் கடைபவருக்கு நம் வண்டியின் சக்கரத் தண்டு ஒரு வேலையே இல்லை. பிரச்சினை என்னவென்றால் இரண்டு உருப்படிக்காக மெஷினை நிறுத்தி செட்டிங் மாற்ற வேண்டும். அவசர வேலை ஓடும்போது போய் நிற்காதீர்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் போனால் “என்னுங்ணா, இத்துனூண்டு சாமான், பொம்ம வண்டிக்குங்களா?” என்று கேட்டபடியே வாங்கிப் பார்ப்பார்கள். வண்டியையும் கூடவே கொண்டுபோய்த் தரையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். அப்புறம் பேச்சே வேறு. கூலி எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு, சொன்னதைக் கொடுங்கள்.

வரைபடத்தைவிட மாதிரிப் பாகமே நல்லது. உடைந்ததாக இருந்தாலும் சரி, அதோடு அது உட்காரும் மறுபாகத்தையும் கொடுங்கள். வெர்னியரில் அளந்து பொருத்திப் பார்த்துக் கடைவார்கள்.

எதைச் செய்யலாம், எதை வேண்டாம்? சக்கரத் தண்டு, கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் ஊசி), ஸ்பேசர், டேம்பர் (குதிப்பை அடக்கும் எண்ணெய்க் குழாய்) தண்டு, அலுமினியத் தூண்கள் எல்லாம் லேத் வேலை. பிளாஸ்டிக் சஸ்பென்ஷன் கையை அலுமினியத்தில் செய்துபோட ஆசை வரும், தவிர்த்துவிடுங்கள். கை வளைந்துகொடுத்து அடியை வாங்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அதை விறைப்பாக்கினால் அடி அப்படியே சேஸிஸுக்குப் போய், கிடைக்கவே கிடைக்காத பாகம் உடையும்.

பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டு பால் பேரிங் போடுவது முதல் மேம்பாடாக இருக்கட்டும். கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் போன்றவற்றில் வெளிவிட்டம் 11, உள்விட்டம் 5, தடிமன் 4 மில்லிமீட்டர் அளவு போகும். இரும்புத் தகடு மூடியதைவிட ரப்பர் மூடி உள்ளதை வாங்குங்கள், நம் செம்மண் தூசு மாவுபோல நைஸ், தகட்டு இடுக்கில் புகுந்துவிடும். எண்ணெய்க்குத் திருப்பூரில் மூலைக்கு மூலை கிடைக்கும் தையல் மெஷின் ஆயிலில் ஒரு சொட்டு போதும்.

டேம்பரில் தேங்காய் எண்ணெய் ஊற்றலாமுங்களா?

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தவறாமல் வரும் கேள்வி. வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் டேம்பர் கட்டையாக நிற்கும், மத்தியானம் தண்ணீராக ஓடும். தையல் மெஷின் ஆயிலும் இங்கே ஆகாது, கனிம எண்ணெய் சிலிக்கான் ஓ-ரிங்கை உப்பவைக்கும். சிலிக்கான் டேம்பர் எண்ணெய்தான் வெயிலுக்கும் குளிருக்கும் அதிகம் மாறாதது. பின்பக்கம் 30 எடை (எண்ணெயின் கெட்டித்தன்மை எண்) எண்ணெயில் தொடங்குங்கள், கோடையில் 40-க்குப் போகலாம். ஊற்றியதும் தண்டை மேலும் கீழும் மெதுவாக அசைத்துக் குமிழ் முழுக்க வெளியேறும்வரை நிமிர்த்தி வைத்துவிட்டு, அப்புறம் மூடுங்கள்.

ஹார்னெட் குதிக்கிறது என்று எண்ணெயை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பின்பக்க கியர்பாக்ஸே மொத்தமாக ஏறி இறங்கும். அந்தக் குதியல் அந்த வண்டியின் பிறவிக்குணம், முழுக்கப் போகாது. எனக்கு அது பிடிக்கும்.

பாடிக்கு எந்தப் பெயின்ட்? ஸ்டிக்கர் எங்கே கிடைக்கும்?

கிராஸ்ஹாப்பரின் கெட்டி பிளாஸ்டிக் பாடிக்கு வெளிப்பக்கம் அடிக்க வேண்டும், சாதாரண ஸ்ப்ரே பிடிக்கும். ஹார்னெட், ஃப்ராக் மாதிரி மெல்லிய ஒளிபுகும் பாலிகார்பனேட் பாடிக்கு உட்பக்கம்தான் அடிக்க வேண்டும், அதற்கென்று உள்ள பாலிகார்பனேட் பெயின்ட் மட்டுமே வளைந்துகொடுக்கும். கார் பெயின்ட் முதல் குட்டிக்கரணத்திலேயே செதில்செதிலாக உதிரும். பழைய பெயின்ட்டை எடுக்க தின்னரோ பெட்ரோலோ பக்கத்தில் வரக்கூடாது. பாலிகார்பனேட் வெடித்து வெளுத்துவிடும். அழுக்கைக் கழுவ பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும்.

ஸ்டிக்கருக்கு நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளே போதும். பழைய ஸ்டிக்கரைக் கிழிக்கும் முன் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் பனியனுக்கு டிசைன் போடும் கம்ப்யூட்டர் பையன்கள் அதைத் துல்லியமாக வரைந்து கொடுத்துவிடுவார்கள். உங்கள் சொந்த வண்டிக்கு ஒரு செட் அடித்துக்கொள்ளலாம். அதை ‘ஒரிஜினல்’ என்று சொல்லி விற்பது மோசடி.

டயர் வெடித்திருக்கிறது. பழைய டயரிலேயே ஓட்டலாமா?

மேல்தோலில் மட்டும் வெடிப்பு என்றால் மெதுவாக ஓட்டலாம். ஒரு பக்கம் நசுங்கி நின்றிருந்தால் வெந்நீரில் ஊறவைத்துக் கையால் உருட்டிவிடுங்கள், வட்டம் திரும்பும். பந்தயத்துக்குப் புது ரப்பர்தான் வேண்டும். முன்னால் வரிவரியாகக் கோடு போட்டது, பின்னால் முள்ளுமுள்ளாக உள்ளது. இந்தச் சேர்க்கைதான் உதிரி மண்ணுக்குச் சரி. இந்த டயர்களில் காற்று இல்லை, அதனால் வேலமுள் குத்தினாலும் பஞ்சர் பயம் கிடையாது.

எந்த பேட்டரி? லிப்போ போடலாமா?

பழைய அமைப்புக்கு ஆறு செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 7.2 வோல்ட். நிம்மதியானது. இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பெயருக்கு 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4 இருக்கும். பிளாஸ்டிக் கியருக்கு அந்தக் கூடுதல் வேகம் சுமைதான். போடுவதென்றால் செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் வெட்டும் வசதியுள்ள மின்னணுக் கட்டுப்பாடு கட்டாயம். பழைய செம்புத் தகட்டுக் கட்டுப்பாட்டோடு லிப்போவை இணைக்கவே கூடாது.

ஈரோடு, கரூர் வெயிலில் மூடிய காருக்குள் லிப்போவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் தீப்பிடிக்காத டப்பாவில் வையுங்கள். சார்ஜ் போட்டுவிட்டு வெளியே கிளம்பும் பழக்கம் வேண்டாம்.

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்?

அழகுக்கு வையுங்கள், ஓட்டுவதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் வாங்குங்கள். பழையதில் ஒரே கிரிஸ்டல் எண் கொண்ட இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவர் ரிமோட் இன்னொருவர் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். ஏரியலுக்கான பிளாஸ்டிக் குழாயை மட்டும் கழற்றாதீர்கள், அது இல்லாத பக்கி மொட்டையாகத் தெரியும்.

அசல் வண்டியை ஓட்டி உடைப்பதா? மறுவெளியீடு வாங்கினால் போதாதா?

அதிகம் சண்டை நடக்கும் இடம் இது. தமியா தன் பழைய வண்டிகள் பலவற்றை மீண்டும் வெளியிட்டது: ஹார்னெட் 2004-ல், கிராஸ்ஹாப்பரும் ஃப்ராக்கும் 2005-ல், சாண்ட் ஸ்கார்ச்சர் 2010-ல். பெட்டியிலுள்ள எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அசல் ஹார்னெட் 58045, மறுவெளியீடு 58336. அசல் கிராஸ்ஹாப்பர் 58043, மறுவெளியீடு 58346. விற்பவர் ‘எண்பதாம் வருஷத்துது’ என்று சத்தியம் செய்தாலும் எண்ணைக் கேளுங்கள்.

மறுவெளியீட்டால் நமக்குப் பெரிய லாபம், அதன் பாகங்கள் பெரும்பாலும் அசலுக்கும் பொருந்தும் என்பதே. ஆகவே நான் சொல்வது: சேஸிஸும் கியர்பாக்ஸும் அசலாக இருக்கட்டும். அடிபடும் பாகங்கள், அதாவது பம்பர், முன்கை, பாடி, டயர் எல்லாம் புதியதாக இருக்கட்டும். கழற்றிய அசல் பாகங்களை எண் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். துளை போடுவது, வெட்டுவது, உருக்குவது என்று திரும்ப முடியாத எதையும் அசல் பாகத்தில் செய்யாதீர்கள். இப்படிப் பார்த்துக்கொண்டால் ஓட்டுவதற்குத் தயங்க ஒன்றுமில்லை. பெட்டி பிரிக்காத, பூட்டாத கிட் கிடைத்தால் மட்டும் கதை வேறு. அதைப் பூட்ட எனக்கும் மனம் வராது.

பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சுங்க வரியை. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. ஆர்டர் போடும் அன்று விகிதம் என்ன என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் தபால் செலவு குறையும். பேட்டரியை அதில் சேர்க்காதீர்கள், லித்தியம் பேட்டரிக்கு விமானத் தபாலில் கட்டுப்பாடுகள் உண்டு, மொத்தப் பார்சலும் நின்றுவிடும்.

எங்கே ஓட்டுவது? நம் மண் இதற்குச் சரிப்படுமா?

அருமையாகச் சரிப்படும். கடற்கரை மணலில் சறுக்கி விளையாடத்தான் முடியும், பந்தயம் ஓட்ட ஒட்டும் பொடியும் கலந்த மண் வேண்டும். காங்கயம், தாராபுரம் பக்கத்துச் சரளைச் செம்மண் அதற்கென்றே அமைந்தது. பெரிய கல்லை மட்டும் பொறுக்கிவிட வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் காய்ந்திருந்தால் நல்ல பிடிப்பு. மழை பட்டால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியே நகராது, வெடிப்பு விட்டால் முன்சக்கரம் மாட்டி உடையும்.

இருப்பதிலேயே சிறந்த இடம் பழைய நெல், சோளக் களம். நம் பெரியவர்கள் களம் தயார் செய்யும் முறை அப்படியே இதற்கும் பொருந்தும். முதல்நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, உருளைக்கல் உருட்டி, மேலே சாணி கரைத்துத் தெளித்தால் மறுநாள் தூசு பறக்காது, தரையும் பொரியாது. முப்பது மீட்டருக்குப் பதினைந்து மீட்டர் இடம் இருந்தால் ஒரு நல்ல ஓடுபாதை அடங்கும். எல்லைக்கு, தோட்டத்தில் கழித்துப் போட்ட சொட்டுநீர் லேட்டரல் குழாயை வளைத்து ஆணியடித்து வையுங்கள். வண்டி மோதினாலும் வழுக்கி விலகும், உடையாது. செங்கல்லோ தேங்காய்மட்டையோ வேண்டாம். மேடு கட்ட மண் நிரப்பிய சாக்கு, அதன்மேல் நனைத்த மண். ஏறும் பக்கம் நீளமாகவும் இறங்கும் பக்கம் இன்னும் நீளமாகவும் இருக்கட்டும். எண்பதுகளின் சஸ்பென்ஷனுக்கு ஒரு முழ உயரமே அதிகம்.

பருவம் என்றால் தை முதல் பங்குனி வரை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பாடியைத் தூக்கிக் கவிழ்த்துவிடும், புழுதி கண்ணைத் திறக்க விடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த மாதங்களைப் பட்டறை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) ஓட்டுவதென்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டு, மாடு இல்லாத நேரமாகப் பாருங்கள். மோட்டார் கீச்சிட்டால் மாடு மிரளும். கிளுவை வேலியில் வண்டி புகுந்தால் கையை விட்டுத் துழாவாமல் குச்சியால் தள்ளி எடுங்கள், பாம்பு இருக்கும் இடம்.

பந்தயத்தை எப்படி நடத்துவது?

உலகெங்கும் வழக்கம், ஐந்து நிமிட ஓட்டம், அதற்குள் யார் அதிகச் சுற்று என்பது. நண்பர்கள் கூடும் இடத்தில் நான் முதலில் சொல்வது வேறு: ரேக்ளா முறை. நம் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தில் 200, 300 மீட்டர் தூரத்துக்கு வண்டி வண்டியாக விட்டு நேரம் பார்ப்பதைப்போல, ஒவ்வொரு வண்டியாக மூன்று சுற்று ஓடவிட்டு ஸ்டாப்வாட்சில் நேரம் எடுங்கள். நாற்பது வயதான பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று முட்டி உடையாது, புதிதாக வந்தவருக்கும் பதற்றம் இருக்காது. மத்தியானத்துக்குமேல், விருப்பப்பட்டவர்கள் மட்டும் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஓட்டட்டும்.

பிரிவுகளை எளிமையாக வையுங்கள். பின்சக்கர இழுவை ஒன்று, நான்கு சக்கர இழுவை ஒன்று. எல்லோருக்கும் ஒரே மாதிரி மூடிய டப்பா 540 மோட்டார். மோட்டாரில் விதி வைக்காத கூட்டம் ஒரே வருடத்தில் பணம் உள்ளவர் கூட்டமாகிவிடும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மறுவெளியீடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இளவட்டங்கள் உள்ளே வரவே முடியாது.

ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பாதையோரம் நின்று கவிழ்ந்த வண்டியை நிமிர்த்த வேண்டும். இந்த முறை மாறி மாறி எல்லோருக்கும் வரட்டும், ஜெயித்தவருக்கும்தான்.

வளைவில் வண்டி சுற்றிவிடுகிறது. ஓட்டும் முறையில் என்ன தப்பு?

வளைவுக்குள் நுழைந்த பிறகு வேகத்தைக் குறைக்கிறீர்கள். பின்சக்கர இழுவை வண்டியில் அப்போது பின்பக்கம் லேசாகிப் பறந்துவிடும். வளைவுக்கு முன்பே விரலைத் தளர்த்தி, திரும்பத் தொடங்கியதும் மெதுவாக வேகம் கொடுத்துக்கொண்டே வெளியே வாருங்கள். நேர்ப்பாதையில் காட்டும் வேகத்தால் இந்த வண்டிகளில் யாரும் ஜெயிப்பதில்லை.

பொண்ணுக்குப் பத்து வயசுங்க. முதல் வண்டியா எதைக் கொடுக்கலாம்?

கிராஸ்ஹாப்பர் மறுவெளியீடு. பாகங்கள் குறைவு, பாடி கெட்டி, மோட்டார் அடக்கமானது. முக்கியம், பூட்டிக் கொடுக்காதீர்கள். பெட்டியோடு கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, திருகாணியை அவளே முறுக்கட்டும். கியர்பாக்ஸை அவள் கையாலேயே மூடி, சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கும்போது எதிர்ச்சக்கரம் மறுபக்கமாகச் சுற்றும். ஏன் என்று கேட்பாள். இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலைத் திறந்து காட்ட அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஓட்டி முடித்ததும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாமா?

கூடாது. பேரிங்கிலும் மோட்டாரிலும் தண்ணீர் இறங்கும். பெயின்ட் அடிக்கும் பழைய பிரஷ்ஷால் தூசைத் தட்டி, கம்ப்ரஸர் காற்றை தூரத்தில் பிடித்து ஊதுங்கள், பேரிங் மேல் நேராக வேண்டாம். கரிசல் அப்பியிருந்தால் ஈரமாகச் சுரண்டாமல் முழுக்கக் காயவிடுங்கள், தட்டினால் கட்டிகட்டியாக உதிரும். சக்கரங்களைக் கழற்றித் தண்டில் சுற்றியிருக்கும் புல், நாரை எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு சக்கரத்தையும் காதருகே வைத்துச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் அந்த பேரிங்கை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கடைசியாக வண்டியை ஒரு மரக்கட்டை மேல் வைத்து, சக்கரம் தரையில் படாமல் நிறுத்துங்கள். டயர் நசுங்காது, ஸ்பிரிங்கும் தளராது.